ஆட்டத்திற்கு வெளியே ஒருவரும் நிற்கலாகாது
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு முறையைக் கொண்டு எல்லா மாணாக்கருக்கும் பாடம் புகட்டுவதும், அவர்தம் தேர்ச்சியை அறிவதும் பற்றி இன்று பேச முன்வந்துள்ளோம். ரயில்வே ஆபீசில் கோப்பு எழுதும் நமக்குக் கல்வி நிபுணரின் பெரிய சொற்கள் தெரியா. ஆயினும் பிள்ளைகளைப் பெற்றவர் என்ற உரிமை நமக்குண்டு. அவ்வுரிமையிலேயே சில வார்த்தைகள் கூறுகிறோம்.

'கேமிஃபிகேஷன்' என்று இந்நாளில் ஒரு சொல் வழங்குகிறது. பிள்ளைகளை ஆடவிட்டு ஆசிரியர் ஓய்ந்திருப்பது என்று சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அஃதன்று. ஆட்டத்திலுள்ள நல்ல விதிகளை எடுத்துப் பாடத்திலே பொருத்துவதே அது. பரமபதத்தை நினைத்துப் பாருங்கள். பாம்பு கடித்தவனை எவரும் எழுந்து போகச் சொல்வதில்லை. அவன் கீழிறங்கி மீண்டும் உருட்டுகிறான். எங்கே சறுக்கினான் என்பதும் அவனுக்கு அக்கணமே தெரிகிறது. வகுப்புத் தேர்விலோ சறுக்கியவன் மதிப்பெண்ணைப் பெற்றுக்கொண்டு அமர்கிறான். வகுப்பு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறது.

இவ்வாறு பின்தங்குவோர் யாவர்? காது மந்தமான பிள்ளை; பார்வை குன்றிய பிள்ளை; அறிவிருந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் டிஸ்லெக்சியா உடைய பிள்ளை. இவர்களோடு, வீட்டிலே தமிழும் பள்ளியிலே வேற்றுமொழியுமாக வளரும் நம் காலனிப் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விடை தெரிந்தும், கூறும் மொழி தடுமாறுவதால் வாய்மூடி இருப்பவர் அவர்கள். அம்மௌனத்தை மந்தபுத்தி என்று கணக்கிடுவது எத்துணைக் கொடுமை!

சட்டம் இவர்களை மறக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் எழுத்தர் ஆகிய வசதிகளையும் அச்சட்டம் கூறுகிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோ, முன்னேற்ற அட்டையில் வினாடி வினா, குழுப்பணி, நடிப்பு முதலியவற்றின் தேர்ச்சியும் இடம்பெற வேண்டும் என்கிறது. ஆகவே நாம் கேட்பது புதுமையான சலுகை அன்று.

செய்யும் வகை எளிது. பிளிக்கர்ஸ் என்றொரு முறை உண்டு. மாணாக்கர் ஒவ்வொருவர் கையிலும் சதுரமான காகித அட்டை ஒன்று. அதன் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளுக்கு உரியவை. தாம் கருதும் விடைக்குரிய பக்கம் மேலே வருமாறு பிடிக்கின்றனர். ஆசிரியர் தம் கைப்பேசியின் காமிராவால் அனைத்தையும் படித்துக்கொள்கிறார். பிள்ளைகளிடம் கைப்பேசி வேண்டுவதில்லை. அட்டைகள் ஒன்றைப்போல் ஒன்று இராமையால் அடுத்தவன் விடையைப் பார்த்தெழுதுவதும் கடினம். கூச்சமுள்ள பிள்ளையும், பேச இயலாத பிள்ளையும் பிறரோடு சமமாக விடை கூறுகின்றனர். எத்தனை பேருக்குப் பாடம் விளங்கவில்லை என்பதை ஆசிரியர் அன்றே அறிகிறார்.

நம் வீட்டுப் பல்லாங்குழியும் இதற்கு உதவும். குழிகளையும் சோழிகளையும் கைதொட்டு எண்ணலாமாதலால் பார்வையற்ற பிள்ளையும் அதில் பின்தங்காது. புள்ளிகள் புடைத்திருக்கும் பகடையைக் கொடுத்தால் நிகழ்தகவுக் கணக்கை விரல்களே கற்றுக்கொள்ளும்.

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். முதலில் மணி அடித்தவனுக்கே புள்ளி என்று வைத்தால் அது வேகத்தை அளக்குமேயன்றி அறிவை அளக்காது. மெயில் வண்டியும் பாசஞ்சர் வண்டியும் ஒரே ஜங்ஷனைத்தான் சேர்கின்றன. பிந்தி வந்ததனால் பாசஞ்சரில் வந்தவரை ஊருக்குள் விடாதிருப்பாருண்டோ? பெயர்களை வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டினால் கடைசிப் பெயருக்குரிய பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கு வரவே அஞ்சும். பரிசு மிகினும் கேடே. 1973-ஆம் ஆண்டு லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மூவர் ஓர் உண்மையை வெளியிட்டனர். பரிசு தருவதாகச் சொல்லிப் படம் வரையச் செய்த சிறுவர்கள், பின்னர்த் தாமாக வரையும் ஆர்வம் குன்றினர் என்பதே அது. விளையாட்டு, கட்டுரை எழுதும் பயிற்சிக்கு ஈடாகாது என்பதையும் மறத்தலாகாது.

பள்ளிகள் மாறட்டும் என்று காத்திராமல் நம் சங்கத்திலேயே தொடங்குவோம். அடுத்த ஆண்டு விழாவின் வினாடி வினாவில் மணி வேண்டா, விடையட்டை போதும். வினாவை உரக்கப் படிப்போம், பலகையிலும் எழுதுவோம். வல்லவரும் மெலியவரும் கலந்த குழுக்களாக அமைப்போம். குழுவினர் நால்வரும் விடையை விளக்க வல்லராயின் குழுவுக்கே பரிசு வழங்குவோம். தன் பிள்ளைக்குக் குறையுண்டு என்று வெளியே சொல்லத் தயங்கும் பெற்றோர் இவ்வவையில் இருக்கலாம். அவர்கள் பள்ளியில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துச் சட்டம் தந்த வசதிகளைக் கேட்க வேண்டும். விண்ணப்பம் எழுதித் தர நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் இக்காலனியில் பலர் உள்ளோம்.

மேடையேறிப் பரிசு பெறும் பிள்ளைகளுக்குக் கை தட்டுவோம். அத்துடன் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் ஆட்டத்தில் ஓரிடம் தருவோம்.