ஏலாமல் கிடக்கு: இன்னொரு மொழியின் சொற்கள் எப்படி எமதாகின்றன?

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எமது வகுப்புகளில் நாம் எல்லோரும் ஒரு கொப்பி வைத்திருந்தோம். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்க் கருத்து. வெள்ளிக்கிழமைச் சோதனையில் 20க்கு 20 எடுப்போம். அடுத்த தவணை வரும்போது பாதிச் சொற்கள் மறந்துபோயிருக்கும். எமது ஞாபகசக்தியில்தான் குறை என்று நினைத்தோம். குறை அங்கே இல்லை என்பதை, வைத்தியர்களாகிச் சிங்களம் பேசும் ஊர்களுக்கு உள்ளகப் பயிற்சிக்குப் போனபோதுதான் விளங்கிக்கொண்டோம்.

முதல் வாரமே வாட்டில் வயதான அம்மா ஒருவர், "மட்ட அமாருயி" என்றார். எங்கள் கொப்பியில் 'அமாரு' என்றால் 'கடினம்'. ஆகவே, என்ன செய்யக் கடினமாக இருக்கிறது என்று தெரிந்த சிங்களத்தில் கேட்டோம். அவர் மறுபடியும் அதையே சொன்னார். நாமும் மறுபடியும் அதையே கேட்டோம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற தாதிதான், அவருக்கு உடம்புக்குச் சுகமில்லை என்று விளக்கினார்.

எங்கள் அம்மம்மாமார் "ஏலாமல் கிடக்கு" என்று சொல்வதும் இதைத்தானே! அகராதியில் அதைப் படித்த சிங்கள வைத்தியர் ஒருவர், "என்ன செய்ய ஏலாது?" என்றுதான் கேட்பார். வலப்பக்கத்துக் கருத்து ஒரு சொல்லின் வாசற்படி மட்டுமே. அதை எவர், எப்போது, எந்த முகத்தோடு சொல்வார் என்று தெரிந்தபின்தான் அந்தச் சொல் எமதாகிறது.

தெரிந்த முகத்தோடு வரும் சொற்கள் பெரிய உதவி. கடை அங்கே 'கடே'. போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற மேசையும் அலுமாரியும் சப்பாத்தும் இரு மொழிகளுக்கும் பொது. ஆனால் அதே துணிவில் எங்களில் ஒருத்தி, இரத்த மாதிரியை ஊழியர் ஒருவரிடம் கொடுத்து, "அவசரய்" என்றாள். சிங்களத்தில் 'அவசரய' என்றால் அனுமதி. உடனே ஓடவேண்டியவர், யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டபடி அங்கேயே நின்றார். அவசரத்துக்கு அவர்களுடைய சொல் 'ஹதிசி'. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆயினும் அந்தச் சில நிமிடங்களை நாம் இன்றுவரை மறக்கவில்லை. அந்த இரு சொற்களையும் மறக்கவில்லை.

அதன்பின் கொப்பியை எறிந்துவிடவில்லை, பாவித்த முறையை மாற்றினோம். மேலங்கிப் பையில் சிறு கொப்பி. நாளுக்கு ஐந்தாறு சொற்கள். தனிச்சொல்லாக அல்லாமல், "கொஹேத ரிதென்னே?", எங்கே நோகிறது, என்று முழுக் கேள்வியாக எழுதினோம். மறுநாள் கருத்தைப் பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவர முயல்வோம். பிறகு மூன்று நாள் கழித்து. பிறகு ஒரு வாரம் கழித்து. இது எமது கண்டுபிடிப்பல்ல. ஜேர்மனியரான ஹேர்மன் எபிங்ஹவுஸ் தன்னையே சோதித்து 1885இல் எழுதியது: படித்தது முதலில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் மறக்கிறது, ஒரே மூச்சில் படிப்பதிலும் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நிலைக்கும். பத்துத் தரம் பார்த்து எழுதுவதைவிட, பார்க்காமல் ஒருதரம் நினைத்தெடுப்பது பலன் தரும் என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. வெள்ளிக்கிழமையோடு மூடிய கொப்பி ஏன் மறந்தது என்று இப்போது விளங்குகிறதல்லவா?

ஆனாலும் எந்தக் கொப்பியும் போதாது. ஆங்கிலத்தில் நாவலோ பத்திரிகையோ துணையின்றி வாசிக்க 8,000 முதல் 9,000 வரையான சொற்குடும்பங்கள் வேண்டும் என்று மொழியியலாளர் போல் நேஷன் 2006இல் கணக்கிட்டார். அத்தனையையும் எந்த ஆசிரியையும் கரும்பலகையில் எழுதித் தர முடியாது. மிகுதி வாசிப்பிலும் பேச்சிலும்தான் வந்து சேரும். எமக்கு நோயாளிகளே ஆசிரியர்கள். நாம் பிழையாகச் சொன்னால் சிரித்து, திருத்தி, திரும்பச் சொல்லவைப்பார்கள். அந்தச் சிரிப்பில் ஏளனம் இருந்திருந்தால் நாம் வாய் திறந்திருக்கமாட்டோம்.

இந்த மலரை உலகின் பல மூலைகளில் வாசிக்கப்போகும் சகோதரிகளே, இதை ஏன் இங்கே சொல்கிறோம்? உங்களில் பலரின் பிள்ளைகளுக்குத் தமிழே இன்று இரண்டாம் மொழி. தொலைபேசியில் அம்மம்மா "ஏலாமல் கிடக்கு" என்கிறார். பேரப்பிள்ளை "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை அம்மாவிடம் நீட்டுகிறது. அன்று அந்த வாட்டில் நாம் நின்ற இடத்தில்தான் அந்தப் பிள்ளையும் நிற்கிறது.

ஆகவே, 20 சொற்களைப் பாடமாக்கச் சொல்லாதீர்கள். இந்த வாரம் ஒரு கேள்வி போதும்: "அம்மம்மா, இப்ப சுகமோ?" அடுத்த அழைப்பில் அதையே கேட்கட்டும், கூட இன்னொன்று சேரட்டும். பிழை விட்டால் திருத்துங்கள். விருந்தினர் முன் சொல்லிச் சிரிக்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளாமல் இருக்க, அந்த ஒரு கேள்வியே போதும்.