மழலை சொல்லும் பொருள்



மழலை என்ற சொல் எழுந்தவுடன் தமிழ் மேடைகளில் குழலும் யாழும் வந்துவிடுகின்றன. வள்ளுவர் போற்றியது மழலையின் இனிமையை. அவ்வினிமையைப் புகழ்ந்த அளவில் பேச்சாளர்களும் நிறைவடைந்து விடுகின்றனர். குழந்தை என்ன சொல்லிற்று, எதனால் அவ்வாறு சொல்லிற்று என்று எண்ணிப் பார்ப்போர் குறைவு. இன்றைய உரை அந்தப் பொருளைப் பற்றியது.

எண்ணப் பழகும் குழந்தையிடமிருந்து தொடங்கலாம். இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று தடையின்றி வந்த நான்கு வயதுக் குழந்தை அடுத்ததாக, "இருபத்துப்பத்து" என்கிறது. வீடே சிரிக்கிறது. குழந்தைக்கோ சிரிப்பின் காரணம் விளங்கவில்லை. ஒன்பதுக்குப் பின் பத்து வரும் என்று கற்பித்தவர்கள் பெரியவர்களே. கற்ற விதியை அது கல்லாத இடத்திலும் செலுத்திப் பார்த்தது. எண்பதைக் கடக்கும்போது அதற்கு இன்னும் பெரிய இடர் காத்திருக்கிறது. ஆறிலிருந்து அறுபது, ஏழிலிருந்து எழுபது, எட்டிலிருந்து எண்பது. ஒன்பதிலிருந்து மட்டும் தொண்ணூறு. பத்துகளின் வரிசைக்குள் நூறு எப்படி நுழைந்தது? "ஒன்பதுபது" என்று சொல்லும் குழந்தை நேர்வழியில்தான் நடக்கிறது. அவ்விடத்தில் வளைந்து செல்வது தமிழ். ஒன்பது என்னும் எண் பத்தோடும் நூறோடும் புணர்ந்து தொண்ணூறு, தொள்ளாயிரம் என்றாவதற்குப் பவணந்தி முனிவர் நன்னூலில் தனி நூற்பாவே வகுத்தார். முனிவர் விதி எழுத நேர்ந்த இடத்தில் குழந்தை இடறுவதில் வியப்பில்லை.

திணை மயக்கமும் இத்தகையதே. "பொம்மை தூங்குறா", "நிலா வந்துட்டாரு" என்று குழந்தை அஃறிணைக்கு உயர்திணை வினை கொடுக்கும். அதைத் திருத்த வரும் தந்தையே தம் மகளை "வாடா கண்ணா" என்று அழைப்பார். உவப்பின் காரணமாகத் திணையும் பாலும் மயங்கி வருதலை நன்னூலார் குற்றமாகக் கொள்ளவில்லை. அச்சலுகை தந்தைக்கு உண்டு எனில் மகளுக்கும் உண்டு.

குழந்தை சொன்னதைச் சிரித்து மறவாமல் எழுதி வைத்த தந்தையருள் ஒருவர் சார்லஸ் டார்வின். அவருடைய மூத்த மகன் வில்லியம் 1839 டிசம்பர் 27 அன்று பிறந்தான். சரியாக ஓராண்டு நிரம்பியபோது அவன் உணவுக்கு ஒரு சொல்லைத் தானே படைத்துக் கொண்டான்: "மம்". பசித்தால் அழுவதை விடுத்து அச்சொல்லைச் சொல்லிக் கேட்டான். சர்க்கரை அவனுக்கு "ஷு-மம்" ஆயிற்று. கறுப்பு என்ற சொல்லும் வந்தபின், அதிமதுர மிட்டாய் "கறுப்பு ஷு-மம்" ஆயிற்று. அடையும் பெயரும் சேர்ந்த தொகைச்சொல் ஒன்றை எந்த இலக்கணமும் பயிலாமல் அவன் ஆக்கிவிட்டான். தமிழ்த் தாய்மார்கள் சோற்றை "மம்மம்" என்பதை இங்கு நினைக்கலாம். இதழ் இரண்டும் பொருந்த மகரம் பிறக்கும். பல் முளைக்குமுன்பே குழந்தைக்குக் கைகூடும் ஒலி அது.

இரண்டு வயதும் மூன்று மாதமும் ஆனபோது அச்சிறுவன் தன்னிடம் எஞ்சியிருந்த இஞ்சி ரொட்டித் துண்டைத் தங்கைக்குக் கொடுத்தான். கொடுத்த கையோடு தன் பெயரைத் தானே சொல்லி, தான் எவ்வளவு நல்லவன் என்று உரக்கப் பாராட்டிக் கொண்டான். குழல்விளக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்து, வெளிச்சம் மறையும் அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதுவோர் இச்சிறுவனைக் குறை கூற இயலாது.

சில மாதங்களில் வேறொன்று நிகழ்ந்தது. உடையின்மேல் கட்டியிருந்த துணியைச் சுருட்டிப் பிடித்தபடி அவன் உணவறையிலிருந்து வெளியே வந்தான். அதற்குள் ஒன்றுமில்லை என்று சொல்லி, தந்தையைப் போகும்படி பலமுறை கட்டளையிட்டான். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய்ச் சாற்றின் கறை. திட்டமிட்ட பொய் என்றே டார்வின் குறித்தார். ஆயினும் அவனுடைய நல்லுணர்வை வளர்த்தே அவனைப் பயிற்றியதாகவும், விரைவில் அவன் வாய்மையுடையவனாக ஆனதாகவும் எழுதினார். "அப்பா வீட்டில் இல்லை என்று அப்பாவே சொல்லச் சொன்னார்" என்று வாசலில் உரைக்கும் குழந்தையின் கதை பலரும் அறிந்தது. அக்கதையில் பொய் குழந்தையினுடையது அன்று.

இனி ஒரு தமிழ்ச் சமண இல்லம். கோலத்து மாவை உண்ண வரும் எறும்பை மிதிக்கலாகாது என்று பாட்டி மூன்றரை வயதுப் பெயர்த்திக்குக் கற்பித்திருந்தார். ஒரு காலைப் பொழுதில் எறும்பு அவள் காலைக் கடித்துவிட்டது. "பாட்டி, நான் அத மிதிக்கவே இல்ல. அது மட்டும் ஏன் என்னக் கடிச்சிது? அதுக்கு அவங்க பாட்டி சொல்லிக் குடுக்கலியா?" என்று அழுகையோடு கேட்டாள். அனைவரும் சிரித்தனர். தொலைபேசியில் உறவினர்க்கெல்லாம் செய்தி போயிற்று. விருந்தினர் வரும்போதெல்லாம், "அன்னிக்கு என்ன சொன்ன, மாமாகிட்டச் சொல்லு" என்றனர். இருமுறை சொன்னாள். மூன்றாம் முறை தாயின் சேலைக்குள் முகம் புதைத்துக் கொண்டாள். அதன்பின் அவள் கேள்விகள் குறைந்தன.

அவள் வேடிக்கை சொல்லவில்லை. வலியோடு ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு விடை அவ்வீட்டிலேயே இருந்தது. எறும்பு மூவறிவுயிர் என்பது சமண நூல்களுக்கும் தமிழ் இலக்கணத்துக்கும் உடன்பாடு. ஊறும் சுவையும் நாற்றமும் அதற்கு உண்டு. கண்ணறிவும் செவியறிவும் அவ்வகைப்பாட்டில் அதற்கு இல்லை. "அதுக்குக் காது கேக்காதும்மா, யார் சொல்லிக் குடுத்தாலும் தெரியாது. உனக்குக் கேக்குது, அதனாலதான் உனக்குச் சொன்னேன்" என்று பாட்டி சொல்லியிருக்கலாம். பக்கம் பக்கமாக விளக்க வேண்டிய அறம் ஒன்று இரண்டே வரியில் குழந்தையின் கைக்குப் போயிருக்கும்.

டார்வின் தம் குறிப்புகளை 37 ஆண்டுகளுக்குமேல் வைத்திருந்து, 1877இல் "மைண்ட்" என்னும் இதழில் வெளியிட்டார். ஊறுகாய்க் கறையை மறைத்த சிறுவன் அப்போது வங்கித் தொழிலில் இருந்தான். ஒரு பழைய நாட்குறிப்பு போதும். ஓய்வுபெற்ற தாத்தா பாட்டியர் இப்பணியை மேற்கொள்ளலாம். குழந்தையின் வயதை ஆண்டும் மாதமுமாகக் குறித்தல் வேண்டும். சொல்லைத் திருத்தாமல், நயம் சேர்க்காமல், அது ஒலித்தபடியே எழுதுதல் வேண்டும். அதற்கு முன் குழந்தை எதைக் கண்டது, எதைக் கேட்டது என்பதும் இடம்பெறுவது நன்று. சொன்னது கேள்வியாயின், வீட்டார் தந்த விடையையும் பக்கத்தில் எழுதுக. விடை தரப்படவில்லையெனில் அவ்விடத்தை வெறுமையாக விட்டு வைக்கலாம்.