நம் அரிச்சுவடியில் இல்லாத ஓர் ஒலி

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் என்றால் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஓர் உயிரொலியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

விடத்தல்தீவில் நாங்கள் படித்தது யுத்த காலம். சிங்களம் படிப்பிக்க ஆளில்லை, கேட்கவும் வழியில்லை. பிறகு தெற்கில் ஒரு வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி. வயிற்று நோவோடு வந்த ஓர் அம்மாவிடம், "நோகிற இடத்தைக் காட்டுங்கள்" என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் திகைத்துப்போய்ச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். தாதி மெதுவாகச் சொன்னார்: 'தன' என்றால் மார்பு. 'இடம்' என்ற சொல்லின் முதல் உயிரொலி வேறு. அது என் வாயில் வரவேயில்லை.

அந்த ஒலி உங்களுக்குத் தெரிந்ததுதான். பூனைக்குரிய ஆங்கிலச் சொல்லில் வருவது. 'ஆ' சொல்வதுபோல வாயைத் திறந்து, 'ஏ'க்குப் போல நாக்கை முன்னே கொண்டுவந்தால் அது பிறக்கும். தமிழில் அதற்கு எழுத்தில்லை. அதனால்தான் ஒரே வாகனத்தை நாம் 'வான்' என்கிறோம், தமிழகத்தில் 'வேன்' என்கிறார்கள்.

சிங்களத்தில் அதற்குக் குறில், நெடில் என இரண்டு எழுத்துகள். வங்காளத்தில் ஒலி உண்டு, தனி எழுத்தில்லை. 'ஒன்று' என்பதற்கு ஏகாரத்தை எழுதிவிட்டு இவ்வொலியால் வாசிக்கிறார்கள். பின்லாந்தில் 'அ'வுக்குரிய எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைக்கிறார்கள். நோர்வேயின் 29 எழுத்துகளில் 27ஆவது எழுத்து இவ்வொலிக்குரியது. ஒஸ்லோவில் வளரும் நம் பிள்ளைகளுக்கு அது சின்ன வகுப்புப் பாடம்.

எனக்கோ அது இருபது வயது தாண்டிய பாடம். அந்தத் தாதியே ஆசிரியை. முதலில் காது பழகியது, பிறகுதான் நாக்கு. இன்று சிங்கள வைத்தியர்கள் 'வழி'யையும் 'வலி'யையும் ஒன்றாகச் சொன்னால் நான் சிரிப்பதில்லை. திரும்பச் சொல்லிக் காட்டுகிறேன்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கிழமைக்கு ஒரு மணிநேரமாவது நம் பிள்ளைகள் பேச்சுச் சிங்களத்தைக் காதால் கேட்டுப் படிக்கட்டும். 1990இல் இங்கிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் தோழிகளே, உங்களில் பலருக்கு அந்த மொழி நன்றாக வரும். நீங்கள் வந்து சொல்லிக்கொடுங்கள். அப்படியே உங்கள் பாடசாலையையும் பார்த்ததாக இருக்கும்.