வயிரமும் வைப்பு நிதியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் நம் அன்பர் ஒருவர், நமது கல்வி நிதியில் ஒரு பகுதியைப் பொன்னில் இடுவது போல வயிரத்திலும் இட்டு வைக்கலாகாதா என்று வினவினார். வயிரத்தைத் தரம் பிரித்து, முத்திரையிட்டு, பங்குப் பத்திரம் போல வாங்கி விற்கும் முறைகள் தோன்றியதை எடுத்துக்காட்டினார். வினா தக்கதே. வயிரத்தோடும் மூக்குத்தியும் அணியும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டாதலின், அஃது ஒவ்வொரு குடும்பத்தையும் சார்ந்ததாகும். விடை கூறுமாறு தலைவர் அவர்கள் எளியேனைப் பணித்தார்கள். யான் வணிகன் அல்லேன், தமிழாசிரியன். ஆயினும், ஆராய்ந்து அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

ஒரு பொருள் சந்தைப் பண்டமாதற்கு வேண்டுவது யாது? ஒன்றைப் போல மற்றொன்று இருத்தலே. ஒரு பவுன் பொன் என்றால் 8 கிராம். மாற்று ஒன்றாயின் மதுரைப் பொன்னுக்கும் மும்பைப் பொன்னுக்கும் வேற்றுமை இல்லை. அதனை உருக்கலாம், பிரிக்கலாம், மீண்டும் ஒன்றாக்கலாம். வயிரமோ அத்தகையதன்று. இரண்டு காரட் எடையுள்ள கல் ஒன்றின் விலைக்கு, ஒரு காரட் கற்கள் இரண்டின் விலை ஒருபோதும் ஈடாகாது. பெரிய கல் அரிதாதலின், எடை ஏறுந்தோறும் காரட் ஒன்றின் விலையும் ஏறும். பெரிய கல்லைப் பிளந்தால் மதிப்புக் குறையும். சிறியவற்றைச் சேர்த்துப் பெரிதாக்கவோ இயலாது.

இக்குறையை நீக்கவே தரம் பிரிக்கும் முறை எழுந்தது. கல்லின் குற்றம் ஆராய்தல் மேனாட்டார் புதிதாய்க் கண்டதன்று. மதுரை மாநகரின் மணிக்கடை வீதியைக் கூறும் இளங்கோவடிகள், வயிரத்திற்குரிய குற்றங்களைப் பெயர் சுட்டிச் சொல்லி, அவை நீங்கிய கற்களே அங்கிருந்தன என்கிறார். 1907-ஆம் ஆண்டில் காரட் என்பது 200 மில்லிகிராம் என உலக அளவில் வரையறுக்கப்பட்டது. 1931-இல் தோன்றிய அமெரிக்க இரத்தினவியல் கழகம், பின்னர் எடை, நிறம், தெளிவு, வெட்டு என்னும் நான்கினைக் கொண்டு தரம் வகுத்தது. நிறத்திற்கு 23 படிகள். தெளிவிற்கு 11 படிகள். இவ்விரண்டையும் பெருக்கினாலே 253 வகைகள் ஆகின்றன. எடையும் வெட்டும் சேர்ந்தால் எண்ணிக்கை பன்மடங்காகும். சான்றிதழ் பொய்யைத் தடுக்கும். அந்நன்மையை யான் மறுக்கவில்லை. ஆனால் அது கற்களை ஒன்றாக்குவதில்லை. அவை எத்துணை வேறானவை என்பதையே காட்டுகின்றது.

இனி, நிகழ்ந்தவற்றைக் காண்போம். 1970-களின் இறுதியில், பணவீக்கத்திற்கு அஞ்சிய அமெரிக்க மக்கள் வயிரத்தை வைப்புப் பொருளாகக் கொண்டனர். 1980-இல், குற்றமற்ற முதல்தர ஒரு காரட் கல் ஏறத்தாழ 60,000 டாலரை எட்டிற்று. சில ஆண்டுகளில் அவ்விலை மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே வீழ்ந்தது. நம் நாட்டிலும் 2017 ஆகஸ்டில், ஐ.சி.இ.எக்ஸ். என்னும் பண்டச் சந்தை வயிரத்தில் முன்பேர வாணிகத்தைத் தொடங்கியது. காரட்டில் நூற்றில் ஒரு பங்காகிய ஒரு சென்ட் அளவிலும் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம் என்றனர். 2022 மே மாதத்தில், நிகர மதிப்பு முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று செபி வாரியம் அச்சந்தைக்கு அளித்த அங்கீகாரத்தையே நீக்கிவிட்டது. உலகின் வயிரங்களில் மிகப் பெரும்பகுதியைப் பட்டை தீட்டும் சூரத் நகரத்தைத் தன்னகத்தே கொண்ட நாட்டிலேயே இம்முயற்சி நிலைபெறவில்லை என்பதை நினைவில் இருத்துங்கள்.

மற்றொன்றும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வயிரம் விளைவிக்கும் வழியை அமெரிக்க அறிஞர்கள் 1954-இல் கண்டனர். நம் மத்திய அரசும் இத்துறை ஆராய்ச்சிக்கென 2023-இல் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெருந்தொகை ஒதுக்கியது. சுரங்கக் கல்லுக்குப் பெயர்பெற்ற டி பீர்ஸ் நிறுவனமே 2018-இல் ஆய்வுக்கூடக் கல்லைக் காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதன் விலை மிகவும் வீழ்ந்தபின், 2025-இல் அக்கிளையை மூடுவதாக அறிவித்தது. இவ்விருவகைக் கற்களையும் வெறுங்கண்ணால் வேறுபடுத்த இயலாது, கருவி வேண்டும். அருமையே விலைக்குக் காரணமாயின், அவ்வருமை குன்றும்போது விலை எங்ஙனம் நிற்கும்?

அன்பர்களே! இவை யாவினும் பெரிய இடர் விற்கும் நாளிலே உள்ளது. கோவலன் பிறப்பால் வணிகன். மணிகளின் இயல்பு அறியாதவன் அல்லன். குற்றமற்ற வயிரங்கள் குவிந்த வீதியைக் கண்ணாரக் கண்டவன். ஆயினும் பொருளிழந்து, அயலூரில், ஒரு சிலம்பை விற்கப் புகுந்தபோது, தன்னை எதிர்ப்பட்ட ஒருவன் சொல்லையே அவன் நம்ப நேர்ந்தது. அச்சிலம்பின் உள்ளே இருப்பது முத்தோ மாணிக்கமோ என்று அவன் உயிர் போகுமுன் ஒருவரும் ஆராய்ந்திலர். வாங்கும்போது கல்லுக்கு நூறு கடைகள். இடர்ப்பட்டு விற்கும்போது ஒரே கடை, அக்கடைக்காரர் சொல்வதே விலை. 1978 முதல் ராப்பபோர்ட் விலைப்பட்டியல் என ஒன்று வழங்கி வருகின்றது. வணிகருக்குள்ளேயே அதனினும் தள்ளுபடி செய்தே பேரம் முடிகின்றது. இல்லறத்தார் விற்கச் சென்றால் அத்தள்ளுபடி இன்னும் பெருகும்.

நமது கல்வி நிதி எதற்காக உள்ளது? தந்தையை இழந்த பிள்ளைக்கும் ஏழைப் பெண்ணுக்கும் கல்லூரிக் கட்டணம் செலுத்தவே. அக்கட்டணம் ஜூன் மாதத்தில் கேட்கப்படும். அம்மாதத்திலேயே உரிய விலைக்குப் பணமாகாத எப்பொருளும் இந்நிதிக்கு ஏற்றதன்று. ஆதலின், அது வங்கி வைப்பிலும் அரசாங்கப் பத்திரத்திலும் இருப்பதே நன்று என்பது என் துணிபு.

தாய்மார்கள் என்மீது சினவாதிருக்க வேண்டும். வயிரம் அணியற்க என்று யான் கூறவில்லை. அணிகலனாக வாங்குங்கள், மகளுக்கும் மருமகளுக்கும் மகிழ்ந்து அளியுங்கள். ஆனால் கல் சுரங்கத்ததா, ஆய்வுக்கூடத்ததா என்பதைச் சான்றிதழில் காணுங்கள்; திரும்பக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர் என்பதைக் கடைக்காரரிடம் எழுத்தில் பெறுங்கள். எழுதித் தரத் தயங்குவாராயின், அத்தயக்கமே கல்லின் சந்தை மதிப்பைக் காட்டும் உரைகல் என்று கொள்ளுங்கள்.