காசோலையா, கைப்பேசியா?

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியருக்குப் பணப் பட்டுவாடாவில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நெல்லுக்குத் தூர்கட்டும் பருவத்தில் மேலுரம் இட வேண்டும். அதற்கான பணம் பத்து நாள் பிந்தினால் பருவம் நமக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே விற்ற பணம் வரும் வழியும் சாகுபடியைச் சேர்ந்ததே.

காசோலை பணமன்று, பணம் கொடுக்கும்படி வங்கிக்கு எழுதிய கட்டளை. எழுதியவர் கணக்கில் தொகை இருந்தால்தான் அது பணமாகும். தேதியிட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அதை வங்கியில் செலுத்திவிட வேண்டும். முன்பிருந்த ஆறு மாதக் கெடு 2012 ஏப்ரல் முதல் குறைக்கப்பட்டுவிட்டது.

2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் சில நொடிகளில் பணம் கணக்கில் சேர்கிறது. பெருந்தொகைக்கு நெஃப்ட் முறையும், 2 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்ப ஆர்.டி.ஜி.எஸ். முறையும் உள்ளன. நெஃப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் விடுமுறை நாளிலும் இயங்குகின்றன. எனவே ரொக்க விலைக்கு விற்கும்போது மின்வழிப் பணமே சிறந்தது. பணம் கணக்கில் ஏறிய பிறகு மூட்டைகளை ஏற்றலாம்.

தவணைக்கு விற்க நேர்ந்தால், வாய்ச்சொல்லைவிடக் காசோலை மேல். தொகையின்றிக் காசோலை திரும்பினால் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு கை கொடுக்கும். வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். "நாளை தருகிறேன்" என்பதை நம்பிக் கெடுவைத் தவறவிட்டால் வழக்கு வலுவிழக்கும்.

நினைவில் கொள்ள வேண்டியவை:

1. வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள்.

2. வியாபாரி காட்டும் கைப்பேசிப் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கணக்கின் இருப்பைப் பாருங்கள்.

3. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. அதைக் கேட்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

4. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.

விதையைச் சோதித்து விதைக்கும் நாம், விளைந்ததன் விலையையும் சோதித்தே பெறுவோமாக.