கல்லறையில் பெயரில்லாத நாவலாசிரியை



அமெரிக்கப் பெண் நாவலாசிரியர் பலர், இறந்து நெடுங்காலம் கழிந்த பின்னரே வாசகரைப் பெற்றனர். கேட் சோப்பினின் படைப்புகளை 1969இல் தொகுத்து மீட்டவர் நார்வே நாட்டு அறிஞர் ஒருவர். சோரா நீல் ஹர்ஸ்டனை மீட்டவரோ, அவரைப் போன்றே தென்மாநிலக் கறுப்பினத்தில் பிறந்த ஆலிஸ் வாக்கர்.

ஹர்ஸ்டன் 1960இல் புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் நகரில், ஆதரவற்றோர் இல்லமொன்றில் இறந்தார். அடக்கச் செலவுக்குப் பிறர் பணம் திரட்டினர், கல் நாட்டுவாரில்லை. 1973இல் அங்குச் சென்ற வாக்கர், தாம் ஹர்ஸ்டனின் உடன்பிறந்தார் மகள் என்று கூறி விவரம் சேகரித்தார். (நன்மை பயந்த பொய்தான்.) புல் மண்டிய இடுகாட்டில் பாம்புக்கு அஞ்சியபடியே தேடி, கால் இறங்கிய பள்ளமொன்றைக் கல்லறையெனக் கொண்டு, தம்மால் இயன்ற விலையில் ஒரு கல் நாட்டினார்.

இத்தகைய மறதிக்குப் பகைவர் மட்டும் காரணரல்லர். ‘அவர்கள் விழிகள் கடவுளை நோக்கியிருந்தன’ என்று பொருள்படும் தலைப்புடைய அவரது நாவல் 1937இல் வெளிவந்தபோது, கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டே அதனைச் சாடினார்: அதில் கருத்தில்லை, செய்தியில்லை, வெள்ளையர் சிரித்து மகிழும் பழைய மேடைக்கூத்தின் தொடர்ச்சியே அது என்றார். அச்சத்தில் நியாயமுண்டு. கறுப்பின மக்களின் பேச்சைக் கேலிப்பொருளாக்கிய காலம் அது. ஆனால் அப்பேச்சு நாவலில் என்ன செய்கிறது என்பதை ரைட் செவிமடுக்கவில்லை. நாயகி ஜேனியின் கணவன் ஊர்த்தலைவன். கடைத் திண்ணையில் ஆடவர் கதையளக்க, அவள் வாய்திறக்கக் கூடாது என்பது அவன் கட்டளை. ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அவள் எதிர்ச்சொல் சொல்கிறாள். அவன் அடிக்கிறான், ஆனால் அன்றே அவன் அதிகாரம் உடைந்துவிடுகிறது. ஓர் ஊரின் வாய்மொழியில் உனக்கும் பங்குண்டா என்பதைவிடப் பெரிய செய்தி வேறு எது?

வாக்கரின் கட்டுரை 1975இல் வெளிவந்தது. ராபர்ட் ஹெமன்வே எழுதிய வாழ்க்கை வரலாறு 1977இலும், இல்லினாய் பல்கலைக்கழக அச்சகத்தின் மறுபதிப்பு 1978இலும் தொடர்ந்தன. அதன்பின் அந்நாவல் வகுப்பறைகளில் நிலைபெற்றது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட கோசோலா என்னும் முதியவரின் வரலாற்றை, அவர் பேசிய பேச்சிலேயே ஹர்ஸ்டன் எழுதியிருந்தார். அப்பேச்சை மாற்றினால் வெளியிடலாம் என்றது ஒரு பதிப்பகம், அவர் மறுத்தார். அந்நூல் 2018இல்தான் அச்சேறியது.

இறந்தபின் அவரது தாள்களைத் தீயிலிட்டனர். அவ்வழியே சென்ற காவல் அலுவலர் ஒருவர், தோட்டத்து நீர்க்குழாயைப் பிடித்து நெருப்பை அணைத்தார். ஓரம் கருகிய அத்தாள்களில் ஏரோது மன்னனைப் பற்றிய நாவலும் இருந்தது. அது 2025இல் நூலாகியது.