காணாமற்போன கால்

(நவராத்திரி விழாவின்போது நடைபெற்ற சிறுவர் நூல் வரிசை வெளியீட்டில் ஆற்றிய உரை)

 

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஆலய நிர்வாகக் குழுவின் சார்பில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பைக் கவனித்து வருகிறேன். வகுப்புப் பிள்ளைகள் தாமே படிக்கத்தக்க எளிய தமிழில், வண்ணப் படங்களோடு கதை நூல்கள் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஓவியர் கூலியும் அச்சுக் கூலியும் கேட்டுப் பார்த்தோம். ஒரு நூலுக்கே கையிருப்பு கரைந்துவிடும் போலிருந்தது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்ததிலிருந்து, கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பல வந்துவிட்டன. படம் வரைந்து தரும் கருவிகளும் உண்டு. பல்கலைக்கழகத்தில் பயிலும் என் பேத்தி, "தாத்தா, நாமே செய்து பார்க்கலாமே" என்றாள். பெரியபுராணம் போற்றும் 63 நாயன்மார்களுள் பன்னிருவரைத் தேர்ந்தெடுத்து, ஒருவருக்கு 16 பக்கம் என்று திட்டமிட்டோம். முதல் நூல் கண்ணப்ப நாயனார்.

படங்கள் எங்களைப் பாடாய்ப் படுத்தின. முதல் பக்கத்தில் தாடியோடு நின்ற திண்ணனார், மூன்றாம் பக்கத்தில் தாடியில்லாமல் நின்றார். வில்லைப் பிடித்த கையில் ஆறு விரல்கள்! படத்துக்குள் தமிழ் எழுத்து கேட்டால் எந்த மொழியிலும் சேராத கோடுகள் வந்தன. எழுத்துகளை நாங்களே தட்டச்சு செய்து ஒட்டினோம். பத்து முறை கேட்டால் ஒரு முறை நல்ல படம் கிடைத்தது.

கதையோ நொடியில் வந்துவிட்டது. பிழையற்ற, இனிய தமிழ். மகிழ்ந்துபோய் மறுநாளே வகுப்பில் வாசித்தேன்.

பேரனை அழைத்துப் போக வந்திருந்த ஒரு பாட்டியம்மா பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடித்ததும் எழுந்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. சாமி கண்ணுல காலை வைப்பாரே, அந்தக் கால் எங்கே?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாளைப் புரட்டிப் பார்த்தேன். கால் இல்லை. அவர் படைத்த இறைச்சி இல்லை. பழம் என்று இருந்தது. வாயில் கொண்டுவந்த நீர் குடத்து நீராகியிருந்தது. அதைக் கண்டு மனம் பதறிய சிவகோசரியாரும் இல்லை. காளத்தி மலையில் ஓர் அன்பர் பூவும் பழமும் வைத்தார், கண்ணைக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அப்போது ஒரு சிறுவன் கேட்டான்: "சார், ரெண்டாவது கண்ணையும் எடுத்துட்டா, எங்க வைக்கணும்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அன்பர்களே, அதற்காகத்தானே அந்தக் கால்! தமக்குப் பார்வை இராது என்று அறிந்து, இறைவனின் கண் இருக்கும் இடத்தில் அடையாளமாகக் காலை ஊன்றிக்கொண்டார். தம் உடம்பைப் பற்றியும் முறையைப் பற்றியும் நினைக்க அவருக்கு இடமே இல்லை. அந்தக் காலை எடுத்துவிட்டால் கண்ணப்பர் யாரோ ஒரு நல்ல மனிதர், கண்ணப்பர் அல்லர்.

இந்தக் கருவி கதையை அறிந்து சொல்வதில்லை. ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோக்கிறது. குழந்தைகளுக்கு என்று நாங்கள் கேட்டதால் கரடுமுரடானதை மழித்துவிட்டது போலும். அதை நான் குறை கூறவில்லை. எத்தனையோ ஆண்டுகள் இக்கதையைச் சொன்ன நான், தமிழ் நன்றாக இருக்கிறதே என்று கண்ணயர்ந்தேன். ஆறாவது விரலைக் கண்டுபிடித்த எனக்கு, காணாமற்போன கால் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டு, கதையை முழுமையாகச் சொன்னேன்.

நிர்வாகக் கூட்டத்தில் சிலர், "இந்த இயந்திரமே வேண்டாம்" என்றனர். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் வேலையின் வரிசையை மாற்றினால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். இப்போது முதலில் ஒரு பெரியவர் கதை சொல்கிறார். அதைப் பதிவு செய்கிறோம். பிறகுதான் வாக்கியங்களைச் சிறிதாக்கவும் படம் வரையவும் கருவி உதவுகிறது. அதன்பின் மூலநூலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கடைசியில் பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் கேள்விக்கெல்லாம் கதையில் விடை இருக்கிறதா என்று பார்க்கிறோம். எந்தப் பகுதியில் கருவியின் உதவி பெற்றோம் என்பதை ஒவ்வொரு நூலின் கடைசிப் பக்கத்திலும் அச்சிட்டிருக்கிறோம். நன்கொடை தந்தவர்களுக்கு அது தெரிய வேண்டும் அல்லவா?

கண்ணப்பர் நூலுக்குக் கதை சொன்னவர் அந்தப் பாட்டியம்மாதான். அவர் பள்ளிக்கூடம் சென்று படித்தவர் அல்லர். தம் தாயாரிடம் கேட்டதைச் சொன்னார்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தாங்கள் அளித்த ஒவ்வொரு வெள்ளிக்கும் ஆலயம் நன்றிக் கடன்பட்டுள்ளது. இன்னும் பதினொரு நூல்கள் மீதம் உள்ளன. அவற்றுக்குப் பணத்தைவிடத் தங்கள் நேரம்தான் அதிகம் தேவை. தங்கள் இல்லத்துப் பெரியவர்களை ஒரு ஞாயிறு காலை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம். அவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் கேட்கட்டும். கருவி அதற்குப் பிறகு வரட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் நலம் அருள்வானாக.